இரண்டு தோளுக்கும் தனித்தனி அளவு

பிரின்ஸி,

பார்சலைப் பிரித்ததும் முதலில் அந்தப் பழுப்புத் தாள்களை எடுத்துக் கட்டிலின் மேல் விரித்து வை. அதன் மேல் எதையும் வைக்காதே, காபி கப்பை முக்கியமாக வைக்காதே. "அம்மா, அந்த கவுன் பேட்டர்ன அனுப்பு, இங்க பழைய மிஷின் ஒண்ணு வாங்கிட்டேன், நானே இன்னொண்ணு தைக்கப் போறேன்" என்று நேற்று நீ போனில் சொன்னபோது உன் டாடி படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். பட்டன் அறுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு ஆபீஸ் போன பெண் நீ. அவர் பார்த்ததில் தப்பில்லை. போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றாய். அளவு மாறிவிடும், தாளாகவே அனுப்புகிறேன் என்றேன். அது பாதிதான் உண்மை. தாளோடு சேர்த்து உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்பது மீதி. உன்னிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ இங்கே இருந்த ஐந்து வாரமும் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன், அங்கே போனதும் "ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தி வச்சிருக்கியா?" என்றுதான் வாயில் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையில் சுழிக்கத்தான் தெரியும்.

எல்லாம் அந்தக் கவரில்தான் ஆரம்பித்தது. பெர்த்தில் வேலை கிடைத்து, கிளம்புவதற்கு முன் அக்டோபர் கடைசியில் நீ சாந்தோமில் நம் வீட்டுக்கு வந்து இறங்கினாய். "அங்க கிறிஸ்துமஸ் கொளுத்துற வெயில்லதாம்மா வரும்" என்றாய். "இங்க மட்டும் என்ன, பனியா கொட்டுது?" என்றார் டாடி. நம் வீட்டில் நவம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் துணி டைலர் கடைக்குப் போயிருக்க வேண்டும், அது உனக்கே தெரியும். இந்த வருஷம் உனக்கு என்ன எடுப்பது, எப்படி அனுப்புவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நீ பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து நீட்டினாய். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் கவுன் பேட்டர்ன். மேலே ஒரு பெண் கை இல்லாத கவுனைப் போட்டுக்கொண்டு காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே, துணி மேல் வைத்து வெட்டுவதற்காக, வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாளில் எட்டு அளவுகளுக்கும் சேர்த்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கோடுகள். "இத நீதான் தைக்கணும்மா. டைலர்கிட்ட குடுக்காத" என்றாய். எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. இருபது பக்கக் குறிப்பைப் படிக்காமலே "ரெண்டு நாள் வேலை" என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு நாள் ஆனது.

தி.நகருக்கு அந்த மழையில் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். முட்டி வரை சேலை நனைந்து, ஒரு குடையில் இரண்டு பேர். துணிக்கடையில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் மஞ்சளில் வெள்ளைப் பூப் போட்ட காட்டனை எடுத்துப் போட்டுவிட்டு, "கவுனுக்கா, அக்கா? பாப்பாவுக்கு எத்தன வயசு?" என்று கேட்டார். "முப்பத்தொண்ணு, இந்தா நிக்கிறா" என்றேன். அவர் உன்னை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்பம் மூணு மீட்டர் வேணும்லா" என்றார். நான் மூன்றரை வெட்டச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்று நீ கேட்டாய். துணி விஷயத்தில் எப்போதும் அரை மீட்டர் கூட வாங்கு, மகளே. உன் மேல் உனக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி கூட வாங்கு. எனக்கு என் மேல் நம்பிக்கை அதிகம், அதனால்தான் அரை மீட்டர்.

முதலில் சில்லறை மாற்றங்களைச் சொல்லிவிடுகிறேன், தாளில் எல்லாம் பென்சிலில் இருக்கிறது. மார்புக்கு ஒரு அளவுக் கோடும் இடுப்புக்கு அடுத்த அளவுக் கோடுமாகச் சேர்த்து வரைந்திருக்கிறேன். அந்தக் கம்பெனிக்காரர்கள் யாரும் நம் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. பாவாடைப் பகுதியில் இரண்டு இஞ்ச் குறைத்திருக்கிறேன். பாக்கெட்டை உன் போன் முழுதாக உள்ளே போகும்படி ஆழமாக்கியிருக்கிறேன். கழுத்தை அரை இஞ்ச் ஏற்றியிருந்தேன், உன்னிடம் சொல்லாமல். "அம்மா, படத்துல கழுத்து இங்கயா இருக்கு?" என்று கண்டுபிடித்துவிட்டாய். மறுபடி இறக்கினேன். தாளில் அந்த அழித்த தடம் இன்னும் தெரியும், அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

நல்ல துணியில் கத்திரி வைக்கும் முன் பழைய துணியில் ஒன்று தைத்துப் பார்க்கும்படி குறிப்பில் சொல்லியிருந்தது. டாடியின் ஓரம் நைந்த வேட்டியை எடுத்தேன். அவர் முணுமுணுத்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேட்டர்னில் முன்பக்கத்துக்குப் பாதி உடம்புதான் வரைந்திருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்போடு தாளை ஒட்டி வைத்து வெட்டிப் பிரித்தால் முழு முன்பக்கம் வந்துவிடும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பாதியைச் சரியாகச் செய்தால் மீதி தானாக வரும் என்பதை விட அழகான கணக்கு உண்டா? அப்படியே வெட்டி, தைத்து, உன்னைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். வந்தாய். கழுத்து இடப்பக்கம் நழுவியது. இடது தோளில் துணி தூக்கிக்கொண்டு நின்றது. இடது அக்குளுக்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு ஒரு மடிப்பு. நீ கண்ணாடியைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன்.

என் கை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். தானாகத் தையல் டப்பாவுக்குள் போய், பழைய சுடிதாரிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வெளியே கொண்டுவந்தது. "ஒரு சின்ன பேட் வச்சா சரியாயிடும்" என்றேன், ரொம்பச் சாதாரணமாக.

அந்தச் சாதாரணத்தின் கதையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. உனக்குப் பதிமூன்று வயதில் டாக்டர் உன் முதுகெலும்பு லேசாக வளைந்திருக்கிறது என்றார். இடது தோள் வலதை விடக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும், ஆபத்து ஒன்றும் இல்லை, உடற்பயிற்சி செய்தால் போதும் என்றார். ஆபத்து இல்லை என்றதை டாடி கேட்டார். இறங்கித்தான் இருக்கும் என்றதை நான் கேட்டேன். அந்த வாரமே உன் யூனிபார்ம் துணியை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் நம் டைலர் பாயிடம் போனேன். இடது தோளுக்குள் மட்டும் வெளியே தெரியாமல் பேட் வைத்துத் தைக்கச் சொன்னேன். "வைக்கிறேன் டீச்சரம்மா. பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "அவளுக்கு எதுக்கு? நீங்க தைங்க பாய்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். யூனிபார்ம், சுடிதார், ஈஸ்டருக்கு எடுத்த பட்டுச் சட்டை, கல்லூரிக்குத் தைத்த பன்னிரண்டு செட், எல்லாவற்றிலும் வைத்தேன். உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். நீ துப்பட்டாவை இரண்டு தோளையும் மூடி ஊக்குக் குத்திக்கொண்டு போவதைப் பார்த்து, எவ்வளவு அடக்கமான பெண் என்று பங்குக் கோயிலில் எல்லோரிடமும் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

நீ அந்த ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "இதுல தோள்ல மூணு விரல் பட்டைதான்மா இருக்கு. பேட் எங்க வைப்ப? தோல் மேல ஒட்டுவியா?" நானும் சிரித்தேன், மாட்டிக்கொண்டவள் சிரிப்பு. பிறகுதான் நீ சொன்னாய்: "எனக்குத் தெரியும்மா. பதினொண்ணாவது படிக்கும்போதே தெரியும்." ஒரு மழை நாள், சைதாப்பேட்டையில் டியூஷன் முடிந்து நனைந்துகொண்டே வந்தாயாம். மழை விட்டுச் சட்டை காய்ந்த பிறகும் இடது தோளிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்ததாம். கூட வந்த பெண், "உன் தோள்ல என்னடி ஒழுகுது?" என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தையலைப் பிரித்துப் பார்த்திருக்கிறாய். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, காய வச்சி, மறுபடி உள்ள வச்சி நானே தச்சிட்டேன். நீ பாத்தா கஷ்டப்படுவியே."

ஊசியைத் தொடாத பெண் என்று இத்தனை வருஷம் உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். உன் முதல் தையல் அதுதான், எனக்குத் தெரியாமல், எனக்காக. அன்றைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்திருக்கும், அதற்குள் காலிங் பெல் அடித்துவிட்டது.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி. கதவைத் திறந்தது நீ, வேட்டிக் கவுனோடு. "இன்னா பாப்பா, அய்யா வேட்டிய கவுனா மாட்டிக்கினு நிக்கிற? சோக்கா கீது!" என்றவள் கூடையை இறக்கிவிட்டு உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டீச்சரம்மா, ஒரு பக்கம் தூக்கிக்கினு கீது பாரு" என்றாள். நான் ஸ்பாஞ்சை முந்தானைக்குள் மறைத்தேன். நீயோ, "துணி இல்ல செல்விக்கா, என் தோளே ஏத்த எறக்கம்" என்று சொல்லிவிட்டாய், பால் பாக்கெட் வரவில்லை என்று சொல்வது போல. "ஐய, அத்த சொல்றியா? எனுக்குந்தான் கீது. கூடை தூக்கித் தூக்கி இந்தப் பக்கம் எறங்கிப் பூட்ச்சி. நைட்டி எப்பப் பாரு நழுவிக்கினே கீது. டைலரு இன்னா பண்ணுவான், அவன் ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வச்சித்தானே வெட்டறான்" என்று தன் தோளைத் தட்டிக் காட்டினாள். அடுத்த மூச்சிலேயே, "வஞ்சிரம் வோணுமா வோணாவா? மழைல நிக்கறேன்" என்றாள். வாங்கினோம். நீயும் அவளும் வாசலில் நின்று யார் தோள் அதிகம் இறக்கம் என்று டாடியை நடுவராக வைத்துப் பார்த்தீர்கள். அவர் சமம் என்று தீர்ப்புச் சொன்னார், உயிர் மேல் ஆசை உள்ள மனிதர்.

மீனைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து ஏன் வெட்ட வேண்டும்? மடிப்பில் வைக்கச் சொல்வது கம்பெனிக்காரர்கள் வசதி. அவர்களுக்கு உன்னைத் தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் இத்தனை வருஷம் உன்னை மடித்தே வெட்டியிருக்கிறேன். அன்று மதியமே உன்னை நிற்க வைத்து, இடது பக்கம் தனியாக, வலது பக்கம் தனியாக அளவு எடுத்தேன். கழுத்திலிருந்து தோள் நுனி, தோளிலிருந்து இடுப்பு, அக்குளிலிருந்து இடுப்பு, எல்லாம். உன் பதிமூன்று வயதுக்குப் பிறகு உன் இடது தோளில் நான் டேப் வைத்தது அன்றைக்குத்தான். அளவு எடுக்க எப்போதும் ஒரு பழைய சட்டையைத்தான் பாயிடம் கொடுத்திருக்கிறேன்.

இனி முக்கியமான மாற்றத்தைச் சொல்கிறேன், கவனமாகப் படி. பாதித் தாளைப் பழுப்புத் தாளில் இரண்டு தரம் வரைந்து, நடுவில் ஒட்டி முழு முன்பக்கமாக ஆக்கியிருக்கிறேன். வலது பக்கத்தில் எதையும் மாற்றவில்லை. இடது பக்கத்தில் தோள் நுனியை முக்கால் இஞ்ச் இறக்கி, கை நுழையும் வளைவின் அடியையும் அதே முக்கால் இஞ்ச் இறக்கியிருக்கிறேன். தோளை மட்டும் இறக்கினால் அக்குளில் பிடிக்கும். இடுப்புக்கு மேலே இடது ஓரத்தில் அரை இஞ்ச் குறைத்திருக்கிறேன், அந்த மடிப்பு போவதற்கு. பின்பக்கம் நடுவில் ஜிப் வருவதால் இரண்டு துண்டு, அவற்றுக்கும் இதே கணக்கு. கீழ் ஓரத்தை மட்டும் மேஜையில் வைத்து அளக்காதே. கவுனைப் போட்டு நிமிர்ந்து நில், தரையிலிருந்து ஸ்கேல் வைத்து யாரையாவது சுற்றிலும் குறிக்கச் சொல். இங்கே அந்த வேலையை டாடி செய்தார். தரையில் உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது, ஆகவே அங்கே இளவயது ஆளாகப் பார்த்துப் பிடி.

ஒவ்வொரு துண்டின் மேலும் பெரிய எழுத்தில் 'எழுத்து மேலே, பூ மேலே' என்று எழுதியிருக்கிறேனே, அது ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உனக்குத் தெரிந்ததுதான். புது அளவில் வேட்டியில் மறுபடி தைத்தோம், அச்சாக உட்கார்ந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. உடனே மஞ்சள் துணியைப் பூப் பக்கம் கீழே போட்டு விரித்து, தாளை மேலே வைத்து, வெட்டினேன். முன்பக்கத்தை உன் மேல் வைத்துப் பார்த்தால் இறக்கிய தோள் வலது பக்கம் இருக்கிறது! வேட்டிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் கிடையாது, எப்படிப் போட்டாலும் சரியாக வந்துவிட்டது. பூத் துணிக்கு உண்டு. "அம்மா, பிரதிபலிப்பு எட்டாங்கிளாஸ் பாடம்" என்று நீ சொன்னாயே, இத்தனை வருஷ சிவப்பு மைக்கும் சேர்த்து ஒரே வரியில் திருப்பிக் கொடுத்துவிட்டாய். பின்பக்கத் துண்டுகளை நீயே பூப் பக்கம் மேலாக வைத்து வெட்டியிருந்ததால் அவை தப்பித்தன. முன்பக்கத்துக்கு அந்த அரை மீட்டர் இருந்தது. தப்பாக வெட்டியதை ஒரு பையாகத் தைத்திருக்கிறேன், இந்தத் தாள்கள் அதில்தான் வருகின்றன. பழைய துணியில் சோதித்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் எது என்று காட்டும் துணியில் சோதிக்க வேண்டும். இதைத் தையலுக்கு மட்டும்தான் சொல்கிறேன், வேறு எதற்காவது எடுத்துக்கொண்டால் உன் இஷ்டம்.

இப்போது நான் கேட்க வேண்டியது. உன் உடம்பில் ஒரு குறை இருக்கிறது என்று உனக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லை. நான்தான், ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, வாயைத் திறக்காமலே சொல்லியிருக்கிறேன். உன் நல்லதுக்கு என்று அப்போது நினைத்தேன். உண்மையில் பங்கில் யாராவது, "டீச்சர் பொண்ணுக்குத் தோள் என்ன அப்படி?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். அந்தப் பயம் என்னுடையது, சுமந்தது நீ. அந்த ஸ்பாஞ்சைக் கண்டுபிடித்த பிறகும் என்னைக் கேட்காமல், நீ திருப்பித் தைத்து வைத்தாய். பாய் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அன்றைக்கே பதில் யோசித்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு, பிரின்ஸி. உனக்குப் பிள்ளை பிறந்தால் நீயும் ஏதாவது தப்பு செய்வாய், புதிதாக ஒன்றைச் செய், இதைச் செய்யாதே.

நீ கிளம்பிய பிறகு வீட்டில் நூல் துணுக்குகள் பத்து நாள் கிடந்தன. டாடி பெருக்க விடவில்லை, காரணம் கேட்டால் முதுகு வலி என்றார். கிறிஸ்துமஸ் பூசைக்குப் போய்வந்து பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கலந்துகொண்டிருந்தபோது உன் படம் வந்தது. ஏதோ பூங்கா, நீள மேஜை, எல்லோர் கையிலும் தட்டு. நீ மஞ்சள் கவுனில் நடுவில் நிற்கிறாய், மேலே ஷால் இல்லை, துப்பட்டா இல்லை, எதையோ கடிக்க வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறாய். பக்கத்தில் ஒரு உயரமான பையன் உன் தட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறான். "யாரு இவன்?" என்று டாடி கண்ணாடியைத் தேடினார். மெலிந்திருக்கிறாளா, செருப்பு புதுசா, அது கோழிக் காலா இல்லை வேறு ஏதாவதா என்று அன்று முழுக்க அந்தப் படத்தை நான் எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உன் டாடி பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார்.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உனக்குப் பதிமூன்று வயதானதிலிருந்து உன் படம் எது வந்தாலும் என் கண் முதலில் போவது உன் இடது தோளுக்குத்தான். பட்டம் வாங்கிய படம், ஆபீஸ் படம், கொடைக்கானல் போன படம், எல்லாவற்றிலும். தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உன் முகத்துக்கு வருவேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை பாத்திரம் கழுவும்போதுதான், இந்தப் படத்தில் தோளைப் பார்க்கவே இல்லையே என்று ஞாபகம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனேன். பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, மீதிப் பாத்திரத்தையும் கழுவி முடித்தேன்.

அம்மா